அவள் கைக்குப் பந்து வரும் முன்னாலேயே

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போன் வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. "சனிக்கிழமை ஆட்டத்துல எதிர் டீமோட அந்த நல்ல ஆட்டக்காரியை நான்தான் மறிச்சு கார்ட் பண்ணணும்னு கோச் சொல்லிட்டாங்கம்மா" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்னால முடியுமா?" என்று கேட்டாய். முடியும் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது அம்மா சொல்கிற பதில். கூடைப்பந்து ஆடியவளாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் காலேஜ் டீமில் நான் ஆடிய காலத்தில், எதிர் டீமின் நல்ல ஆட்டக்காரியைப் பற்றி எங்கள் மாஸ்டர் சொன்னது இரண்டே வார்த்தைதான்: "அவளை விடாதே." எப்படி விடாமல் இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் கற்றுக்கொண்டதே உன்னோடு சோபாவில் உட்கார்ந்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக டீமில் ஆடிய கெய்ட்லின் கிளார்க்கின் ஆட்டங்களைப் பார்த்தபோதுதான். நீ ஹைஸ்கூலில் இருந்தாய். அயோவா ஆடுகிற நாளில் வீட்டுப்பாடத்தை அவசரமாக முடித்துவிட்டு ஓடி வருவாய். நீ அவள் ஷாட்டைப் பார்ப்பாய். நான் அவளை மறித்து நிற்கிற பெண்ணைப் பார்ப்பேன்.

2023 நவம்பரில் கான்சஸ் ஸ்டேட் டீம், அயோவாவின் சொந்த ஊரான அயோவா சிட்டிக்கே வந்து 65-58 என்று ஜெயித்தது ஞாபகமிருக்கிறதா? கிளார்க் அன்றைக்கும் 24 புள்ளி எடுத்தாள். "24 எடுத்திருக்காளே, என்ன டிஃபென்ஸ் இது?" என்று அப்பா கேட்டார். ஆனால் அந்த 24-க்கு அவள் 32 முறை எறிய வேண்டியிருந்தது. உள்ளே போனது 9. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 16 எறிந்ததில் 2. அதைத்தான் நீ சனிக்கிழமைக்கு முன் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், கண்ணு. அவளைப் பூஜ்யத்தில் நிறுத்துவது உன் வேலை இல்லை. அவள் எடுப்பாள். ஒவ்வொரு புள்ளியையும் சுலபமாக எடுக்க விடாமல் இருப்பதுதான் உன் வேலை.

கிளார்க்கைத் தடுப்பது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! மைதானத்தின் நடுவில் இருக்கிற லோகோ பக்கத்திலிருந்தே எறிவாள். அதனால் அங்கேயே போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால் உன் முதுகுக்குப் பின்னால் பெரிய இடம் காலியாகும். அவள் டீம்காரி ஒருத்தி உன் வழியை அடைத்து நிற்கிற ஸ்கிரீன் வரும்போது, கூடைப் பக்கமாகச் சுற்றிப் போனால் நின்ற இடத்திலிருந்தே எறிந்துவிடுவாள். கிளார்க் பக்கமாகச் சுற்றி வந்தால் ஒரு அடி பின்தங்கிவிடுவாய். இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் காலியாக நிற்கிறவளுக்குப் பந்து போய்விடும். காலேஜில் அவளுடைய கடைசி சீசனில் புள்ளியிலும், அசிஸ்டிலும் (கூடையாகிற பாஸ் கொடுப்பதிலும்) நாட்டிலேயே அவள்தான் முதல். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 31.6 புள்ளி, 8.9 அசிஸ்ட். எறியவும் தெரியும், கொடுக்கவும் தெரியும் என்றால் தடுப்பவளுக்கு எந்தப் பக்கமும் நஷ்டம்தான்.

உங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது உங்களோடு ஆடுகிற டீம்களில், எல்லாரும் பயப்படுகிற இந்தப் பெண் கிளார்க் இல்லை. நீ அனுப்பிய இரண்டு வீடியோவையும் பார்த்தேன். நன்றாக எறிகிறாள். ஆனால் இரண்டு பேர் மறித்தால் பந்தைக் கொடுக்கத் தயங்குகிறாள். அதைக் கோச்சிடம் நீயே போய்ச் சொல்லு, வெட்கப்படாதே.

2024 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் நடந்த தேசிய காலேஜ் போட்டியின் அரையிறுதியை இன்னொரு முறை போட்டுப் பார். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) டீமின் நிகா மூல், முதல் பாதியில் கிளார்க்கை 6 புள்ளியில் வைத்திருந்தாள். அந்தப் பாதி முழுக்க நான் பந்தையே பார்க்கவில்லை, மூலின் காலை மட்டும் பார்த்தேன். பந்து கிளார்க் கைக்கு வந்த பிறகு மூல் செய்ததைவிட, வரும் முன்னால் செய்ததுதான் அதிகம். பாஸ் வரும் வழியில் ஒரு கை. கிளார்க் ஓட ஆரம்பிக்கும்போதே ஒரு அடி முன்னால். பந்தை வாங்கவே அந்தப் பெண் இன்னும் நாலு அடி வெளியே போக வேண்டியிருந்தது. இவ்வளவு செய்தும் யூகான் 71-69 என்று தோற்றது. கிளார்க் மேல் எல்லாருடைய கண்ணும் இருந்தபோது அயோவாவின் ஹன்னா ஸ்டூல்கி 23 புள்ளி எடுத்தாள். கிளார்க்கும் இரண்டாம் பாதியில் 15 சேர்த்துக்கொண்டாள். யூகானில் பல பேர் காயத்தால் வெளியே இருந்தார்கள். மாற்றி மாற்றி நிறுத்த ஆள் போதவில்லை என்பது என் கணிப்பு.

இரண்டு நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில் சவுத் கரோலினாவுக்கு அந்தக் குறை இல்லை. முதல் பத்து நிமிடத்தில் கிளார்க் 18 புள்ளி எடுத்துவிட்டாள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மீதி முப்பது நிமிடத்தில் அவளால் 12 தான் எடுக்க முடிந்தது. ரேவன் ஜான்சன் ஒட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் கமிலா கார்டோசோ மாதிரி உயரமானவர்கள் இருந்தார்கள். பெஞ்சிலிருந்து வந்தவர்கள் மட்டும் 37 புள்ளி. அயோவா பெஞ்சுக்கு ஒன்றுகூட இல்லை. 87-75 என்று சவுத் கரோலினா ஜெயித்தது. ஒரு பெண்ணைத் தடுக்க ஒரு டீமே வேண்டியிருந்தது, அந்த டீம் அவர்களிடம் இருந்தது. ஸ்கிரீன் வருகிறது என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தாவிட்டால் நீ எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சியில் கூடைக்குப் பக்கத்தில் நிற்கிற உங்கள் சென்டரிடம் இதைப் பேசிவிடு.

ரேவனைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் டல்லாஸில் நடந்த அரையிறுதியில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த சவுத் கரோலினாவை அயோவா 77-73 என்று வீழ்த்தியது. கிளார்க்குக்கு 41. அன்று ரேவன் பந்தோடு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறாள். கிளார்க் அவளை மறிக்கக்கூட வரவில்லை, போ என்கிற மாதிரி கையை வீசினாள். அந்தச் சில விநாடியை ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாக ரேவனே பின்னால் சொன்னாள். அடுத்த வருஷம் அதே கிளார்க்கின் எதிரில் போய் நின்றாள். முதல் பாதி முடிய சில விநாடி இருக்கும்போது கிளார்க் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, தனியாக ஓடிப்போய்ப் போட்டாள். நான் எழுந்து நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், ஞாபகமிருக்கிறதா?

ஹெய்லி வான் லித்தையும் நான் மறக்கவில்லை. 2024-ல் அவள் ஆடிய எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டீமுக்கு எதிராக கிளார்க் 9 மூன்று புள்ளி ஷாட் போட்டு 41 எடுத்தாள். அதில் ஒன்று உள்ளே போனதும் வான் லித் தோளைக் குலுக்கினாள். அந்தப் படத்தைப் போட்டு எத்தனை பேர் கேலி செய்தார்கள்! எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. ஷாட் போடுகிறவளின் எதிரில் போய் நின்றவள் அவள் ஒருத்திதான், கேலி செய்தவர்கள் யாரும் நிற்கவில்லை. சனிக்கிழமை உனக்கும் அப்படி ஒன்று நடக்கலாம். நீ சரியாக நின்று, கையும் தூக்கி, அப்படியும் பந்து உள்ளே போகலாம். போனால் போகட்டும். திரும்பி ஓடு, அடுத்த முறை அதே இடத்தில் நில்.

ஃபவுலை மட்டும் பார்த்துக்கொள். ஐந்து வாங்கினால் நீ வெளியே. கையை நீட்டிப் பந்தைத் தட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு வாங்கிவிடுவாய். காலை நகர்த்து, கையைச் சும்மா வை. மூச்சு வாங்கினால் கோச்சிடம் சொல்லி இரண்டு நிமிடம் உட்கார். அது தோல்வி இல்லை. சவுத் கரோலினா அப்படித்தான் ஜெயித்தது.

நாங்கள் காலையில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவோம். அப்பா உன் பழைய முட்டிப் பட்டையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார், வேண்டுமா என்று மட்டும் சொல்லு. அப்புறம் அந்த வீடியோவில் ஒரு விஷயம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இடது பக்கம் போகும்போது அவள் எறிவதற்கு முன் எப்போதும் ஒரு முறை பந்தைத் தட்டுகிறாளா, இல்லை சில சமயம்தானா? பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா