உடங்காட்டில் நாலு முட்டை

மே 26

அன்புள்ள ராஜி,

உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நீ இன்னும் திட்டித் தீர்த்திருக்க மாட்டாய். மீதியை நேரில் வாங்கிக்கொள்கிறேன். எட்டு மாதமாக உனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. நீ அனுப்பிய குட்மார்னிங் பூக்களுக்குக் கட்டைவிரல் போட்டதோடு சரி. அம்மா நன்றாக இருக்கிறாள். காது முழுக்கப் போய்விட்டது, உன் பெயரைச் சொன்னால் மட்டும் எப்படியோ கேட்கிறது. என் முட்டிவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவர் யூடியூப் பார்த்து மொட்டைமாடியில் பாகற்காய் போட்டிருக்கிறார். யார் வந்தாலும் சாப்பிடாமல் போக முடியாது. அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றேன், ராஜி.

சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேன். எங்கள் பல்கலைக்கழக லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் உடங்காடு, உடைமர முள்காடு, இருக்கிறதே, போன தடவை வந்தபோது மத்தியானம் இரண்டு மணி வெயிலில் என்னை நிறுத்திவைத்து ஒவ்வொரு முள்ளுக்கும் பெயர் சொன்னாயே, அந்த இடம். தாம்பரத்தில் கிறிஸ்டியன் காலேஜில் படித்தபோது விடிகாலை ஐந்தரை மணிக்குப் போர்வையை உருவி இழுத்துக்கொண்டு போவாய். நீ “அதோ” என்று கையை நீட்டுவாய், நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் அது பறந்திருக்கும். இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகப் பார்த்த ஒரே பறவை மெஸ் காக்காய். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்பாய். கோவிட் முடிந்து வகுப்பு திறந்தபோது ஒரு மாணவி, பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் நான்கு நாள் பறவை எண்ணுவார்கள் மேடம், கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றாள். எண்ணுவது என்று சொன்னதும் போய்விட்டேன். கணக்குக்காரியை எங்கே தட்டினால் விழுவாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மே 22 உலக பல்லுயிர் தினம். ஜூலையில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, பசுமை வளாகத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதனால் இந்த வருடம் தடபுடல். ஃப்ளெக்ஸ் போர்டில் ஒரு வரிக்குதிரை, ஒரு பனிக்கரடி, நடுவில் துணைவேந்தர். மேடை ஓரத்தில் நூறு தொட்டியில் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரத்தின் கன்று. குஜராத்தில் 2023இலேயே இதை நடக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். இங்கே அதற்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். ‘வளாகத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் பேச என்னைப் போட்டிருந்தார்கள். தாவரவியல் துறையில் ஒருவருக்கும் அன்றைக்கு நேரமில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. ஜேசிபி பின்னால் வரும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம் வருமே, அது. ஹாஸ்டல் பக்கமிருந்து. எனக்குப் பேச்சு தடுமாறிவிட்டது. குழு வருவதற்குள் அங்கே கொரியன் புல் பதிக்கப் போகிறார்கள் என்று முன்வரிசையில் இருந்த ஒருவர் பெருமையாகச் சொன்னார். நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். இந்த முட்டியை வைத்துக்கொண்டு குடையை ஊன்றி ஊன்றிப் போனேன்.

அந்தக் காட்டின் வடக்கு ஓரத்தில் கொஞ்சம் வெட்டவெளி உண்டு, சரளைக்கல் தரை. அங்கேதான் இரண்டு வாரமாக ஒரு மஞ்சள்மூக்கு ஆட்காட்டி அடை காத்துக்கொண்டிருந்தது. கூடு என்று சொன்னால் நீ அடிப்பாய். தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் பொறுக்கி வைத்த கல். நாலு முட்டை, கூர்முனை நான்கும் நடுவைப் பார்த்தபடி, பம்பரத்தை அடுக்கி வைத்த மாதிரி. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. பத்தடி தள்ளி நின்று விரல் நீட்டிக் காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் நானே மிதித்திருப்பேன்.

பிள்ளைகளும் நானும் முறை போட்டு மதியத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முட்டையைச் சூடாக்க அது உட்காரவில்லை, ராஜி. சூட்டிலிருந்து காப்பாற்றத்தான். உச்சிவெயிலில் முட்டை மேல் நிழல் விழுகிற மாதிரி எழுந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து விறுவிறுவென்று நடந்து, ஹாஸ்டல் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் தேங்குகிற குழிக்குப் போகும். வயிற்றைத் தண்ணீரில் அழுத்திப் புரட்டி நனைத்துக்கொள்ளும். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும். ஒரே மதியத்தில் ஆறு தடவை போய்வந்ததை எண்ணினேன். நம்மை மாதிரி ‘இன்றைக்கு என்ன வெயில்’ என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஜேசிபி அந்தப் பள்ளத்துக்கு முப்பதடியில் நின்றது. உடைமரம் நாலைந்து ஏற்கனவே வேரோடு சாய்ந்து கிடந்தது. நான் குடையை விரித்து நடுவில் நின்றுகொண்டேன். ஓட்டியவன் சின்னப் பையன், இருபத்திரண்டு இருக்கும். “மேடம் தள்ளுங்க, எனக்கு மணிக்கணக்கு” என்றான். முட்டையைக் காட்டினேன். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. “ஏ, இது ஆள்காட்டில்லா!” என்று இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். அப்புறம் அவனே கோலப்பொடி மாதிரி ஏதாவது இருக்கா மேடம் என்று கேட்டு, மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத்தூளை வாங்கிவந்து கூட்டைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டான். அந்த வளாகத்தில் அன்றைக்குப் பல்லுயிர் தினம் கொண்டாடிய ஒரே ஆள் அவன்தான் என்பேன். ஆட்காட்டி வேறு தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு நம் தாம்பரம் ஹாஸ்டல் ஷீலா ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. வார்டன் வருவதற்கு முன்பே அவள் குரல்தானே வரும்!

அதற்குள் எஸ்டேட் இன்ஜினியர் வந்துவிட்டார். “எல்லாம் சீமைக்கருவேலம்தானே மேடம், அதை எடுக்கச் சொல்லி கோர்ட்டே சொல்லியிருக்கே” என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் முள் இருந்தால் அவருக்கு எல்லாமே சீமைக்கருவேலம். அந்தக் காட்டில் சீமைக்கருவேலம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மேற்கு மூலையில் ஒரு திட்டு. அதை எடுக்கட்டும், நானே தேங்காய் உடைக்கிறேன். மற்றதெல்லாம் உடை. நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்: விரித்த குடை மாதிரித் தட்டையான தலை, நீள வெள்ளை முள். அப்புறம் இலந்தை, விராலி, ஆவாரை, சங்கஞ்செடி, ஆதண்டை. வகுப்பில் தேற்றத்தை நிரூபிக்கிற குரலில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டினார். புரியாத மாணவன் ஆட்டுகிற அதே ஆட்டல்.

காலடியில் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருந்தது. கோடைமழைக்குத் துளிர்த்தது. குனிந்து இலையைத் திருப்பினேன், இருந்தது: கறுப்புப் புழு, உடம்பெல்லாம் சிவப்புக் குமிழ், பார்க்கவே சகிக்காது. ஆடு வாய் வைக்காத செடியை இது உட்கார்ந்து தின்கிறது. தின்ற விஷத்தை உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் இதைத் தொடுவதில்லை. இதுதான் பிறகு கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாகப் பறக்கிற கிரிம்சன் ரோஸ். ஹாஸ்டல் கறிவேப்பிலை மரத்தில் வளருகிற இன்னொரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறதே, அதில் சில பெண்கள் விஷம் ஒரு துளி இல்லாமல், இதே உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றித் திரியும். சாந்தி புடவையைக் கட்டிக்கொண்டு வைவாவுக்குப் போனாயே, அந்த மாதிரி. கொரியன் புல் போட்டால் இரண்டு கதையும் முடிந்தது. விஷம் உள்ளது போய்விட்டால் வேஷம் போட்டதற்கும் பிழைப்பு இல்லை.

இதுவரை கேட்டால் நான் ஏதோ வீராங்கனை மாதிரி இருக்கும். இனிமேல்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை துணைவேந்தர் கூப்பிட்டார். இன்ஜினியர் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பதினாலு வருடத்துக்கு முந்தைய மனு. ‘மகளிர் விடுதியின் பின்புறமுள்ள புதர்களில் விஷ ஜந்துக்கள் நடமாட்டம் இருப்பதால் அவற்றை உடனடியாக அகற்றித் தருமாறு...’ கீழே வார்டன் கையெழுத்து. என் கையெழுத்து, ராஜி.

மறந்தே போயிருந்தேன். குளியலறையில் ஒரு பாம்பு வந்தது, சாரைப்பாம்புதான், பிள்ளைகள் அலறின அலறலில் அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். அந்த மனுவின் பேரில் காட்டில் பாதியை அப்போதே வழித்துவிட்டார்கள். இப்போது நான் தினமும் ஸ்கூட்டி நிறுத்துகிற ஷெட் அங்கேதான் இருக்கிறது. ஆறு ஏக்கர் மூன்று ஏக்கரான கணக்கு இதுதான். அதில் எத்தனை ஆட்காட்டி, எத்தனை கௌதாரி, என்னென்ன செடி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததை எப்படிக் கழிப்பது? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இவரிடம் சொன்னேன், “பதினாலு வருஷத்துக்கு முன்னாடி உனக்குத் தெரியாதே” என்றார். தெரியாமல் என்ன, தாம்பரத்தில் இரண்டு வருடம் நீ காதில் ஓதியது எல்லாம் எங்கே போனது?

நம் தாம்பரம் வளாகத்தை யாரும் அழகுபடுத்தவில்லை, கவனித்தாயா? 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து அந்த 365 ஏக்கருக்கு வந்தபோது அதுவும் இதே மாதிரிப் புதர்க்காடுதான். எட்வர்ட் பார்ன்ஸ் பாடம் நடத்தியது கெமிஸ்ட்ரி. ஆனால் செடி தேடி அலைந்த அலைச்சலில் ஒரு செடிக்கே அவர் பெயர் வந்தது. அவர் மனைவி ஆலிஸ் பார்த்துப் பார்த்து மரம் நட்டார். நட்டதும் உண்டு, காட்டைக் காடாகவே விட்டதும் உண்டு. அந்த இரண்டாவது காரியத்துக்கு எந்தக் குழு மதிப்பெண் போடும்? நம் காலத்தில் கிஃப்ட் சிரோமணி சார் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் துறையில் இருந்துகொண்டு கோலத்தையும் கல்வெட்டையும் பறவையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அதே கட்டடங்களில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை உருப்போட்டுக்கொண்டு அலைந்தேன். இப்போது வயிறு எரிகிறது.

துணைவேந்தரிடம் வல்லநாட்டைச் சொன்னேன். இங்கிருந்து கூப்பிடு தூரம். வெளிமான் சரணாலயம். பெயரிலேயே இருக்கிறது, வெளி. அதற்குப் புல்லும் திறந்தவெளியும் வேண்டும், கிண்டியில் அதற்குப் போலோ மைதானம் மாதிரி. மரத்தை நெருக்கி நட்டால் ஒதுங்கிவிடும். மரம் நடுவதும் காப்பதும் ஒன்றில்லை சார் என்றேன். அவருக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் பெங்களூரில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தையே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள், 167 ஹெக்டேர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யுனிவர்சிட்டி கேம்பஸையா? அதுக்குச் சர்ட்டிஃபிகேட் உண்டா?” என்றார். நான் சிரிக்கவில்லை. எந்த வழியில் வந்தால் என்ன.

இப்போதைக்கு வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஜூன் 20க்குள் அந்த மூன்று ஏக்கரில் என்னென்ன இருக்கிறது என்று முறையான பட்டியல் வேண்டுமாம், துறைசார்ந்தவர் கையெழுத்தோடு. பறவைப் பட்டியல் பிள்ளைகளிடம் தயாராக இருக்கிறது, நான்கு பிப்ரவரியாக எண்ணியது. செடிதான் இல்லை. இங்கே தாவரவியல்காரர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. நான் போட்டால் செல்லாது. ஒரே ஃபைலில் என் கையெழுத்துக்கு எதிராக என் கையெழுத்தே எப்படி நிற்கும்? நான் வேறு ஜூன் 30 ரிட்டையர், அதற்குமேல் வாட்ச்மேனே உள்ளே விடுவாரா என்று தெரியவில்லை.

அதனால் நீ வரவேண்டும். முப்பது வருடம் காய்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கிற ஹெர்பேரியத்தில் தூசி தட்டியது இதற்குத்தான் என்று வைத்துக்கொள். ஜூன் முதல் வாரம், ஐந்து நாள் போதும். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்த்துவிட்டேன், லோயர் பெர்த் இருக்கிறது, உன் ஆதார் நம்பர் மட்டும் அனுப்பு. உன் லென்ஸைக் கொண்டுவா. பழைய செய்தித்தாள் இங்கே நிறைய இருக்கிறது, செடி அழுத்த உடைந்த கேரம் போர்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உனக்குப் பை தூக்கத் தயார். விடிகாலை ஐந்தரைக்கு இந்தத் தடவை நான் உன் போர்வையை உருவுவேன்.

இன்று காலையும் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு வட்டம் காற்றில் கொஞ்சம் கலைந்திருந்தது. அது உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் போட்ட கணக்குப்படி முட்டை பொரிய இன்னும் பத்து நாளாவது ஆகும். நீ சீக்கிரம் வந்தால் பார்க்கலாம்.

உன்,
வசந்தா

பி.கு.: அந்த ஜேசிபி பையன் நேற்று சாயங்காலம் பைக்கில் வந்து “பொரிச்சிட்டா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனான். ஷீலாவிடம் இது எதையும் சொல்லிவிடாதே. க்ரூப்பில் போட்டுவிடுவாள்.