இளவரசிக்கு, கார்வின் எழுதுவது

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜி,

பொங்கல் வாழ்த்தோடு நிறுத்தியவள்தான், அப்புறம் எழுதவே இல்லை. உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இவர் சர்க்கரையும் ஜாங்கிரியுமாக இருக்கிறார். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் கோவில்பட்டி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டோம். பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினால், மேலே ஆச்சியின் சுங்குடிச் சேலை, அடியில் நம் லயன் காமிக்ஸ்! நம் இளவரசி மாடஸ்டியும் அவள் கூட்டாளி கார்வினும் வரும் 'கத்தி முனையில் மாடஸ்டி' கூட இருக்கிறதடி. 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வந்த முதல் இதழ். அட்டையின் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. உள்ளே பச்சை மையில் உன் கையெழுத்து: 'இளவரசி - விஜி. கார்வின் - மல்லிகா. இதை மாற்ற முடியாது.' வேப்பமரம் ஏறும் பந்தயத்தில் ஜெயித்த கையோடு எழுதியிருக்கிறாய். பாக்கியம் டீச்சர் அன்றைக்கு உன்னை மரத்தடியில் நிற்க வைத்ததை மட்டும் எழுதவில்லை!

கயல் அதை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். மாடஸ்டிக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பெண் இருந்திருக்கிறாள், விஜி. 1942, இரண்டாம் உலகப் போர். கதையை எழுதிய பீட்டர் ஓ'டொன்னல் அப்போது ஈரானின் வடக்கில் முகாம் போட்டிருந்த சிப்பாய். தன்னந்தனியாக ஒரு அகதிச் சிறுமி நடந்து வருகிறாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். கையில் சின்ன மூட்டை. கழுத்துக் கயிற்றில் ஒரு மரத்துண்டு, அதில் ஆணியை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அதுதான் அவளுடைய ஆயுதம். சிப்பாய்கள் கொடுத்ததைச் சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், நடந்து போய்விட்டாள். அவ்வளவுதான். அந்த நடையை அவர் மறக்கவில்லை. 1963-ல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் மாடஸ்டி படக்கதையைத் தொடங்கி 2001 வரை அவரே எழுதினார்.

அந்த ஆணியை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. யார் செய்து கொடுத்தார்கள் அவளுக்கு? தானேதான் செய்திருக்க வேண்டும்.

கதையில் மாடஸ்டி என்ற பெயரை அகதி முகாமில் அவளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த கிழவர் வைக்கிறார். பிளைஸி என்ற பாதியை அவளே வைத்துக்கொள்கிறாள். தன் பெயரில் பாதியைத் தானே தேர்ந்தெடுத்த கதாநாயகி வேறு யாரையாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாம் திரையில் பார்த்த பெண்களை எண்ணிப் பார். 'பட்டிக்காடா பட்டணமா'வில் படித்த மனைவியைச் சாட்டையால் அடித்தபோது கொட்டகையே கைதட்டியது, நாமும் சேர்ந்துதான். 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா எனக்கு உயிர், ஆனால் வீட்டுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் பழைய பேருந்துக்கே ஓடுகிறாள். நீலாம்பரி வந்தபோது நீ விசில் அடித்தாய், நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். அவளையும் சாகடித்துத்தான் படத்தை முடித்தார்கள். ஒருத்தி திமிராக இருந்தால் அடங்க வேண்டும், பொறுப்பாக இருந்தால் தேய வேண்டும். இதுதான் நமக்குக் கிடைத்த கணக்கு.

மாடஸ்டி கதையில் அந்தக் கணக்கே இல்லை. அதற்குக் காரணம் அவள் போடும் சண்டை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது படிக்கும்போது கார்வின்தான் என்று தோன்றுகிறது. சைகோன் சிறையில் கிடந்தவனை அவள் வெளியே எடுக்கிறாள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் நிற்கிறான். காதலன் இல்லை, கணவன் இல்லை. அவளைவிடத் தான் பெரியவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை அவனுக்கு ஒரு கதையிலும் வருவதில்லை. 'இளவரசி' என்று கூப்பிட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்புகிறான். பலமான பெண்ணை எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவள் பக்கத்தில் சங்கடமே இல்லாமல் நிற்கிற ஒரு ஆளை எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். செல்வி போன் பண்ணினாள். தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தும், ராமநாதபுரம் பக்கம் என்பதால் அது வேண்டாம் என்று உரிமைவிடல் எழுதிக் கொடுக்கப் போகிறாயாமே? எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று கேட்டாயாம். அண்ணன் கேட்டாரா, அவர் கேட்பதற்கு முன்னால் நீயே கேட்டுக்கொண்டாயா? எனக்குத் தெரிந்து அவர் நல்ல மனுஷர், ரசம் உன்னைவிட நன்றாக வைப்பார். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தினாய். எத்தனையோ பெண்களை வீட்டில் பேசிப் பேசியே கல்லூரிக்கு அனுப்பி வைத்தாய். உனக்காகப் பேச மட்டும் உன்னிடம் வார்த்தை இல்லையா?

எழுதிக் கொடுக்காதே, விஜி. கொடுத்திருந்தால் திரும்ப வாங்க வழி உண்டா என்று நாளைக்கே விசாரி.

எனக்கு அடுத்த மாதம் ஐந்து நாள் விடுப்பு இருக்கிறது. மதுரையிலிருந்து முதல் பேருந்து பிடித்து ராமநாதபுரம் வந்துவிடுகிறேன். பள்ளிக்குப் பக்கத்தில் தண்ணீர் வசதியுள்ள வீடாகப் பார்ப்போம், அங்கே தண்ணீர்தான் பிரச்சினை என்கிறார்கள். பாத்திரம், அடுப்பு எல்லாம் என் பொறுப்பு. காமிக்ஸைக் கயல் தர மாட்டேன் என்கிறாள். அந்தப் பச்சை மைப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

என்றைக்கு வரட்டும், சொல்.

உன்
கார்வின்