பலகாரப் பொட்டலம் வராது

அன்புள்ள கண்ணு,

உன்னைப் பார்க்க மெக்சிகோ வரும்போது கொண்டுவரச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலை அப்பா நேற்று இரவு எனக்குப் படித்துக் காட்டினார். கடலை மிட்டாய், பொரி உருண்டை, உப்பு மிளகாய் போட்ட மாங்காய் வற்றல், புளி மிட்டாய், கோதுமை வற்றல், நிப்பட்டு. படித்து முடித்துவிட்டு, "இதெல்லாம் பெட்டிக்குள் போனால் என் வேட்டி எங்கே போகும்?" என்றார். வேட்டிக்கு இடம் இருக்கிறது. பலகாரத்துக்குத்தான் இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். காவேரிப்பட்டணத்திலிருந்து நிப்பட்டு மட்டும் வாங்கி வைக்கிறேன், ஏனென்றால் அரிசி மாவில் தட்டிப் பொரித்தது எதையும் நான் அங்கே பார்க்கவில்லை. மற்றவை வராது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

குவாதலஹாராவில் உட்கார்ந்துகொண்டு கடலை மிட்டாய் கேட்கிறாய். உன் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில், மருந்துக்கடை முனையில், கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது நின்று பார்த்தாயா? அவர் விற்பது பலங்கேத்தா. வறுத்த வேர்க்கடலையைப் பாகில் கொட்டிப் பரப்பி வில்லை போட்டது. சிலர் வெள்ளைச் சர்க்கரையில் செய்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பிலோன்சியோவில் செய்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சில் ஊற்றிய வெல்லம்தான். போன வருடம் நான் வந்திருந்தபோது நீ அலுவலகம் போன பிறகு கீழே இறங்கி வாங்கித் தின்றேன். நல்ல முற்றிய பாகு. கடித்தால் உடைகிறது, பல்லில் ஒட்டவில்லை. வேர்க்கடலையே தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். அது கடல் தாண்டி நம் போச்சம்பள்ளி மானாவாரிக் காடு வரை வந்து சேர்ந்ததே பெரிய கதை. அதை நான் மறுபடியும் மிட்டாயாக்கி, பெங்களூரு விமான நிலையத்தில் எடை போட்டுப் பணம் கட்டி, அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டுமா?

பொரி உருண்டைக்கும் இதே பதில்தான். தண்டுக்கீரை விதையைப் பொரித்துத் தேனிலோ வெல்லப்பாகிலோ பிடித்து, அலெக்ரியா என்று விற்கிறார்கள். நெற்பொரியை விட நைசாக இருக்கும். வயிற்றுக்கும் நல்லது. கடலைப் பொடியையும் சர்க்கரையையும் அழுத்திச் செய்த மசாப்பான் வில்லை உங்கள் வட்டாரத்திலேயே தயாராகிறது. அதன் காகிதத்தை வில்லை உடையாமல் பிரிப்பதை அங்கே குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை ஒரு பந்தயமாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒருமுறைகூட முழுதாக வரவில்லை. தூளை உள்ளங்கையில் கொட்டித் தின்றேன், ருசியில் குறைவில்லை.

மாங்காய்க்கு வருகிறேன். சப்போப்பான் பசிலிக்காவின் முன்னால் பழவண்டிகள் நிற்கின்றன. மாங்காயைக் குச்சியில் குத்தி, இதழ் இதழாகச் செதுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ப் பொடி தூவிக் கையில் கொடுக்கிறார்கள். வெள்ளரி, அன்னாசி, ஹிகமா என்று ஒரு வெள்ளைக் கிழங்கு, எல்லாவற்றுக்கும் அதே எலுமிச்சையும் மிளகாயும்தான். தஹீன் என்ற அந்தப் பொடி 1985இல் உன் ஹலிஸ்கோ மாநிலத்தில்தான் தொடங்கியது. நம் பஸ் நிலையத்தில் கீறிய மாங்காயில் போடுகிற மிளகாய்த் தூளுக்குக் காரம் அதிகம். இதில் புளிப்பு முன்னே வந்து காரம் பின்னே வருகிறது. பழுத்த பழத்தில் அதாவுல்போ என்ற மஞ்சள் வகை நாரே இல்லாமல் வெண்ணெயாகக் கரைகிறது. ஆனால் மணம் என்று பார்த்தால் நம் மல்கோவாவின் பக்கத்தில் நிற்காது. இதை நான் ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. பெங்களூரா வகை மாம்பழத்தை லாரி லாரியாகக் கூழ் தொழிற்சாலைக்கு அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு மாம்பழத்தை முகர்ந்து பார்க்கத் தெரியாமலா இருக்கும்?

புளியைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பழையபேட்டை புளி மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். சான் உவான் தெ தியோஸ் சந்தைக்கு நீ என்னைத் தோல்பை வாங்க அழைத்துப் போனாய், நினைவிருக்கிறதா? 1958இல் கட்டிய அந்தப் பெரிய மாடிச் சந்தையில் நீ பையின் விலையைப் பேசிக்கொண்டிருந்தாய், நான் மிட்டாய்க் கடை வரிசையில் புளிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டோடு குவித்திருந்தார்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தேன்; சதை சிவப்பாக, நார் குறைவாக, நம் புதுப்புளி மாதிரிதான் இருந்தது. கெரேரோ, கொலிமா, உன் ஹலிஸ்கோவின் கடற்கரைப் பக்கம் எல்லாம் விளைகிறதாம். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆசியாவின் மாமரம் அந்த வழியாக அங்கே இறங்கியது. புளியும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அவர்கள் அதைக் குழம்பில் கரைப்பதில்லை. கரைத்துச் சர்க்கரை சேர்த்துக் குளிர்ந்த நீராகக் குடிக்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு நாம் கரைக்கிற பானகத்தில் சுக்கையும் ஏலத்தையும் எடுத்துவிட்டால் அதுதான். மீதியை மிளகாய், உப்பு, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். உன் ஆயா இலந்தை வடை இடிக்கும்போது நீ உரலைச் சுற்றி வருவாயே, அந்த ருசி அந்த உருண்டையில் அப்படியே இருக்கிறது. நீ கேட்கிற புளி மிட்டாயை விட அது இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். மண்டியில் யாரிடமும் சொல்லிவிடாதே.

இனி தெஹுயீனோ. அப்பாவுக்கு நீ கட்டாயம் வாங்கித் தர வேண்டியது இதுதான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால் தோல் கழன்று மாவு பிசைய வருகிறது. அந்த மாவை வெல்லத்தோடு கரைத்துக் காய்ச்சி, புளிக்க வைத்து, கேட்கும்போது எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் ஐஸும் சேர்த்துக் கடைந்து கொடுக்கிறார்கள். மேலே ஒரு கரண்டி எலுமிச்சை ஐஸ். முதல் வாயில் நீ முகத்தைச் சுளித்தாய். நான் இரண்டாவது டம்ளர் கேட்டேன். புளித்த கேழ்வரகுக் கூழைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதே இல்லை. வெல்லமும் உப்பும் ஒன்றாகச் சேர்வது மட்டும்தான் புதிது. அந்த வண்டிக்காரப் பெண்மணி நான் கூழ் குடிக்கிற வேகத்தில் குடித்ததைப் பார்த்துச் சிரித்து, கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றினார். எனக்கு ஸ்பானிய மொழியில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும், அதைச் சொன்னேன். மூன்று வருடமாக அந்த ஊரில் இருக்கிற நீ, காய்ச்சிய பாலும் ரொட்டியும் நான் அனுப்பிய பொட்டலமுமாக நாளை ஓட்டுகிறாய். அந்தப் பெண்மணிக்கு உன் முகமே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சப்பாலா ஏரிக்கும் அப்பாவை அழைத்துப் போ. மெக்சிகோவிலேயே பெரிய ஏரி, உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். கரையில் சராலேஸ் என்ற பொடி மீனை மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் விட்டுத் தருகிறார்கள். முள்ளோடு அப்படியே மெல்லலாம். ஞாயிற்றுக்கிழமையானால் கே.ஆர்.பி. அணைக்கு மீன் வறுவலுக்குப் போகிற மனிதர், அங்கே அரை நாள் உட்கார்ந்துவிடுவார். நீ கிளம்பலாம் என்று அவசரப்படுத்தாதே.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சமோய் என்று ஒரு சிவப்புச் சாறு, புளிப்பும் உப்பும் இனிப்பும் காரமுமாக, பழத்திலும் ஐஸிலும் சிப்ஸிலும் ஊற்றித் தள்ளுகிறார்கள். எதில் ஊற்றினாலும் அதன் ருசிதான் தெரிகிறது. ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பேக்கரியில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்கிற சங்கு வரிப் பன் பார்க்க அழகு, தின்றால் பன். ஹெரிகாயா என்ற உங்கள் ஊர்ப் பால் இனிப்பில் மேலே கருகிய ஏடு எனக்குப் பிடித்தது, முட்டை வாசம் அப்பாவுக்குப் பிடிக்காது.

வண்டிகளில் சக்கரம் சக்கரமாகத் தொங்குகிற சிச்சரோன் இரண்டு வகை. மாவில் செய்தது நம் கோதுமை வற்றல்தான், தாராளமாக வாங்கிக் கொடு. மற்றது பன்றித் தோல். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் கேட்டு வாங்கு. இனிப்பு ரொட்டியிலும், தமால் என்ற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையிலும் மந்தேக்கா என்ற பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சாதாரணம், அதையும் கேட்டுவிடு. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

அப்பாவின் சர்க்கரை அளவு உனக்குத் தெரியும். பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கும், 2020இல் கொண்டுவந்தது. சர்க்கரை அதிகம், உப்பு அதிகம், கலோரி அதிகம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பாட்டில் பானத்தில் அந்த முத்திரை இருந்தால் அவர் கையில் கொடுக்காதே. அதற்குப் பதிலாகச் செம்பருத்தி இனத்துப் பூவில் போடுகிற ஹமைக்கா நீரைச் சர்க்கரை இல்லாமல் வீட்டிலேயே கொதிக்க வை. காய்ந்த பூ எந்தச் சந்தையிலும் கிடைக்கிறது. எலுமிச்சை நீரில் சியா விதை மிதக்கும், சப்ஜா விதை போட்டது போலத்தான் இருக்கும், அவருக்குப் பிடிக்கும். தெஹுயீனோ ஒரு சின்ன டம்ளர், அதுவும் நடந்து முடித்த பிறகு. உப்பைக் குறைத்துப் போடச் சொல்.

குழாய்த் தண்ணீர் கூடாது என்பதை நீயே சொல்வாய். ஐஸ் நடுவில் ஓட்டையோடு உருளையாக இருந்தால் தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்தது. உடைத்த பாளமாக இருந்தால் வேண்டாம். வெட்டி வைத்த பழத்தை விடு, கண் முன்னால் வெட்டச் சொல். கூட்டம் நிற்கிற வண்டியில் நில். சில்லறைப் பேசோ நாணயம் பையில் வைத்துக்கொள், பல வண்டிகளில் அட்டை எடுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதே. "அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று அவரை அந்த இந்திய உணவகத்துக்கு அழைத்துப் போகாதே. என்னை அழைத்துப் போனாயே, ஆறிப்போன பன்னீருக்கு அந்த விலை கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

பெட்டியில் அவருடைய மாத்திரைகள், கேழ்வரகு மாவு, பூண்டு ஊறுகாய், நிப்பட்டு வருகின்றன. ஆனி பிறந்ததும் கிளம்புகிறார்; அங்கே அப்போது மாலையில் மழை, குடை எடுத்துக்கொண்டு விமான நிலையம் வா. திரும்பும்போது அண்ணன் பிள்ளைகளுக்குப் புளி உருண்டை கொடுத்தனுப்பு, மசாப்பான் வேண்டாம், தூளாகத்தான் வந்து சேரும். சந்தைக்குப் போகிற அன்றைக்கு ஓட்டோடு விற்கிற புளி கிலோ என்ன விலை என்று கேட்டு, அன்று இரவே எனக்குப் போனில் சொல். அப்பா குறைத்துச் சொல்வார்.

அன்புடன்,
அம்மா
கிருஷ்ணகிரி