நாகலூரிலிருந்து நாலு மூட்டை

சேலம்,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள கலா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் எழுதியாகிவிட்டதாக வைத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் பேரன் பிடுங்கிக்கொண்டு எனக்கு யானை கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

ஆவணியில் கிரகப்பிரவேசம். ஜோசியர் தேதி குறித்துவிட்டார், ஆசாரிதான் இன்னும் குறிக்கவில்லை. மனுஷன் இங்கே குகைப் பேட்டைக்காரர். மாரியம்மன் பண்டிகை முடிந்து, சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கை முடிந்து, அப்புறம்தான் உளியைத் தொடுவாராம். இந்த வருஷம் அவர்கள் தெரு வண்டிக்கு ஜோடனை முழுக்க இவர் கைவேலையாம். அங்கே கைலாசமே தயாராகிறது, இங்கே என் படுக்கையறைக்குக் கதவு இல்லை. கேட்டால், "அம்மா காரியத்துக்குக் குறுக்கே பேசாதீங்கக்கா" என்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே வேலை ஒருவாறு முடிகிறது. என் வீட்டுக்காரர் இரும்பாலையில் வேலை பார்த்தவர் என்பது வீட்டைப் பார்த்தாலே தெரியும். மாடிப்படிக் கைப்பிடி எவர்சில்வர், கேட் எவர்சில்வர், சமையலறை அலமாரி எவர்சில்வர். ஹாலில் நின்றால் பாத்திரக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. பூஜையறைக் கதவுக்கும் அதையே ஆரம்பித்தார். நம் பேபி வீட்டு ஊஞ்சலை ஞாபகப்படுத்தினேன், அடங்கிவிட்டார். பின்கட்டில் கடப்பா கல் மேடையும் அம்மியும் மட்டும் என் இஷ்டம்.

ஹால் வடக்குச் சுவர் ஒரு தனிக் கூத்து. பூச்சு காய்வதற்கு முன்பே பெயிண்டர் பட்டி பார்த்துவிட்டார். சிமெண்ட் பூச்சென்றால் சுமார் 28 நாளாவது ஆற விட வேண்டாமா? கட்டியதும் நனைத்ததும் போர் தண்ணீரில், அதில் உப்புக்குக் கேட்கவே வேண்டாம். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து, சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. சுரண்டிவிட்டுக் காயப்போட்டிருக்கிறோம். சரி, அது சுவர், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

மண்ணை என்ன செய்வது சொல்? இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மாமாங்கம் பக்கம் மனை வாங்கும்போதே நீ, "அங்கே பூமிக்கடியில் வெள்ளைக்கல்தானேடி இருக்கு" என்றாய், அதுதான் அந்த மேக்னசைட். பவுனாக விற்கிற கல்தானே என்று நான் சிரித்தேன். போன மாதம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண் கொண்டுபோனேன். அதற்கும் ஒரு முறை இருக்கிறது, பார். மேலே கிடக்கிற குப்பையை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி குழி வெட்டி, அந்தச் சரிவிலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். பல இடத்தில் எடுத்துக் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, கடைசியில் அரை கிலோ. இவர் குடை பிடித்தார், தெருவே வேடிக்கை பார்த்தது.

ரிசல்ட் வந்துவிட்டது. கார அமில நிலை 8.6. அதாவது நல்ல காரம். மக்னீசியம் அளவுக்கு மேல் கிடக்கிறது, அது வேருக்குச் சுண்ணாம்புச் சத்தைப் போகவிடாதாம். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் செடி எடுக்க முடியாது. காம்பவுண்டு ஓரம் ஆசையாக வைத்த இட்லிப்பூச் செடியில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்ததே, அதற்குக் காரணம் இதுதான். நான் தண்ணீர் போதவில்லை என்று ஊற்று ஊற்றென்று ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பு கரைத்து இலைக்குத் தெளிக்கிறேன். பக்கத்து வீட்டம்மா சுண்ணாம்புத் தூள் போடச் சொன்னார். போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். போட வேண்டியது ஜிப்சம்.

இது இயற்கை செய்தது. மனுஷன் செய்தது அதற்கு மேலே. கறிவேப்பிலைக்கென்று நான் குச்சி நட்டு வைத்த மூலையில்தான் கொத்தனார் முதல் டைல்ஸ் மேஸ்திரி வரை எல்லோரும் பாண்டும் கரண்டியும் கழுவினார்கள். மண்வெட்டி போட்டால் டங்கென்கிறது. ஒரு அடிக்குக் காரை, அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், ஒரு பெயிண்ட் டப்பா, யாரோ தொலைத்த செருப்பு. அஸ்திவாரம் தோண்டும்போது மேல் மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கச் சொன்னேன், குவித்தார்கள். அப்புறம் அதையே தரை மட்டத்துக்கு நிரப்பிவிட்டார்கள். நல்ல மண்ணெல்லாம் இப்போது என் ஹால் டைல்ஸுக்குக் கீழே இருக்கிறது!

இவருக்கு ஒரே தீர்வு. மொத்தமாகக் கான்கிரீட் போட்டு, தொட்டி வைத்துக்கொள். பாம்பு வராது, பெருக்க வசதி. மழைத் தண்ணீர் எங்கே இறங்கும், போர் எப்படி ஊறும் என்று சண்டை போட்டு, கார் நிற்கிற இடம் போக மிச்சத்தை வாங்கியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், உன்னோடு இருக்கட்டும். போன வாரம் அபி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். "ஏம்மா மண்ணுக்கு இவ்வளவு செலவு, நாளைக்கு விற்கும்போது செடிக்கு யாராவது விலை தருவாங்களா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். விற்பது முடிவாகிவிட்டது, எப்போது என்பதுதான் பாக்கி என்கிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. இவரிடம் நான் சொல்லவில்லை. மாடியில் அவளுக்கென்று ஒரு அறை. அதில் முட்டிவலியோடு மண்டியிட்டு, ஒவ்வொரு டைலையும் காசால் தட்டி, வெற்றுச் சத்தம் கேட்டதையெல்லாம் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொன்னவர் அவர். எப்படிச் சொல்வேன்?

போகட்டும். திட்டம் இதுதான். காரையெல்லாம் வாரி வெளியே, ஜிப்சம் உள்ளே. ஆடிப்பட்டத்தில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைக்கிறேன், காரமண்ணில் அது நன்றாக வருமாம். சுமார் 45 நாளில் பூக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் புதர் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். ஐப்பசி மழைக்கு நெல்லி, சீத்தா, முருங்கை. மல்கோவா கிடையாது. சேலத்தில் வீடு கட்டி மாங்கன்று இல்லையா என்று நாத்தனார் இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

இனி உன் வேலை. ஏற்காட்டு மலையில், நாகலூரில் உங்கள் அண்ணன் காபித் தோட்டத்தில், போன சீசனில் பழம் அரைத்துத் தள்ளிய காபித் தோல் களத்தோரம் குவிந்திருக்குமே, இந்நேரம் மக்கியிருக்கும். அதில் நாலு மூட்டை வேண்டும். சில்வர் ஓக் இலைமக்கு கிடைத்தால் அதுவும். ஒரே மலை, மேலே மண் புளிப்பு, கீழே காரம். உங்கள் அண்ணனிடம் அதிகமாக இருப்பது எனக்குக் குறைவாக இருக்கிறது. நான் கேட்டால், "மண்ணுக்கா அழறே சரசு" என்று அரை மணி நேரம் கிண்டல் செய்வார். நீ கேள்.

மிளகு ஏற்றிக்கொண்டு லீ பஜாருக்கு அவருடைய வண்டி வரும் இல்லையா, அதில் போட்டுவிடச் சொல். அஸ்தம்பட்டியில் இவர் நின்று வாங்கிக்கொள்வார். வாடகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடு, கடைசியில் வேண்டாம் என்று மழுப்புவார், எனக்குப் பிடிக்காது.

அன்புடன்,
சரசு