புலியை விடுங்கள், பேனரைப் பாருங்கள்: எல்லைச் செய்தி சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நெறியாளர்களுக்கும் எல்லைச் செய்தி எழுதும் பத்திரிகை நண்பர்களுக்கும்,

வணக்கம்.

லடாக்கிலோ அருணாச்சலிலோ ஏதாவது நடந்துவிட்டால், அன்றிரவு விவாதத்தில் ஒருவராவது சொல்லிவிடுகிறார்: "புலிகூடத் தன் எல்லைக்குள் இன்னொரு புலியை விடாது, நாடு விடுமா?" பின்னணியில் இரண்டு புலிகள் எழுந்து நின்று அறைந்துகொள்ளும் காட்சி ஓடுகிறது. விலங்கு நடத்தையியல் கற்பிக்கும் சிலரும் பாதுகாப்பியல் கற்பிக்கும் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒப்பிடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒப்பிட ஏராளம் இருக்கிறது, நீங்கள் கைவைக்கும் இடம்தான் தவறு. விலங்குகளின் எல்லைக்காவலில் பெரும்பகுதி, சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்திய-சீன எல்லையில் இரு படைகளும் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்ததும் ஏறக்குறைய அதுவே. அந்த ஏற்பாடு எந்த இடத்தில், ஏன் பிசகியது என்பதைத்தான் நேயருக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் புலியின் அன்றாட வேலை. பாதையோர மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று சிறுநீரைப் பீய்ச்சும். பின்னங்காலால் தரையைச் சுரண்டும், மரப்பட்டையைக் கீறும், கண்ணில் படும் இடத்தில் எச்சமிடும். நேபாளத்தின் சித்வான் காட்டில் நடந்த நீண்டகால ஆய்வுகளில், அண்டைப் புலியின் பரப்பைத் தொடும் ஓரங்களில் இந்த அடையாளங்கள் அடர்த்தியாக இருப்பது தெரிந்தது. மணம் நாளாக ஆக மங்கும், மழை கழுவிவிடும். ஆகவே சுற்றிவந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட ஓரத்தில் அண்டைப் புலி மெல்லக் காலெடுத்து வைக்கும்.

ரோந்தும் அதே வேலைதான். கிழக்கு லடாக்கில் காரகோரம் கணவாயிலிருந்து சுமார் வரை 65 ரோந்துப் புள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. ('சுமார்' அங்குள்ள ஊரின் பெயர். செய்தி எழுதும்போது 'ஏறக்குறைய' என்று படித்துவிடாதீர்கள்.) ரோந்துப் படை புள்ளிவரை போய்வரும். வந்து போனதற்குச் சாட்சியாக உணவு டின்னையோ சிகரெட் பெட்டியையோ விட்டுவிட்டு வரும், பாறையில் வண்ணத்தில் எழுதிவைக்கும். எதிர்த்தரப்பு ரோந்து வந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் அடையாளத்தை வைக்கும். வேலியோ எல்லைக்கல்லோ இல்லாத இடத்தில் 'இது எங்கள் நடமாட்டப் பகுதி' என்று சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது.

மலிவு என்றதும் கணக்குக்கு வருவோம். எல்லையைக் காப்பது வீரமா கோழைத்தனமா என்ற கேள்வி விலங்குக்கு இல்லை, வரவு செலவு மட்டுமே. கென்யாவின் பொன்சிறகுத் தேன்சிட்டை வைத்து ஃபிராங்க் கில், லாரி உல்ஃப் இருவரும் 1975இல் போட்ட கணக்கு இன்றும் பாடம். பூவுக்கு 2 மைக்ரோலிட்டர் தேன் கிடைத்தால், அந்தச் சிட்டு தன் தேவைக்கு நாளில் 4 மணி நேரம் மேய வேண்டும். வேறு சிட்டுகளை விரட்டி 3 மைக்ரோலிட்டராகத் தேங்கவிட்டால் 2.7 மணி போதும். மிச்சம் 1.3 மணி. மேய மணிக்கு 1000 கலோரி, சும்மா உட்கார்ந்திருக்க 400. ஆக, மிச்சமாவது 780 கலோரி. (இது சிறு கலோரி. உணவுப் பொட்டலத்தில் நாம் பார்ப்பது இதைப்போல் ஆயிரம் மடங்கு.) விரட்டுவதற்கு மணிக்கு 3000 கலோரி, நாளுக்கு 0.28 மணி. அந்நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஆகும் செலவைக் கழித்தால் காவல் செலவு 728. லாபம் வெறும் 52. அதே சிட்டு, பூவில் ஏற்கெனவே 4 மைக்ரோலிட்டர் இருந்து அது 6 ஆனால் 420 கலோரிதான் மிச்சம் பிடிக்கும், காவல் நஷ்டம். தேன் வழிந்தாலும் எல்லை இல்லை, அடியோடு வற்றினாலும் எல்லை இல்லை. இடைப்பட்ட அளவில் மட்டுமே காவல்.

புலியின் எல்லை அளவும் இப்படித்தான் விரிந்து சுருங்குகிறது. இரை மிகுந்த சித்வானில் பெண்புலிக்கு 20 சதுர கி.மீ. அளவு போதும். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் 400க்கு அருகே தேவைப்படுகிறது. யானையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். யானைக்கு நடமாடும் பரப்பு உண்டு, அதன்மேல் பிடிவாதமும் உண்டு, மற்ற யானைகளை விரட்டிக் காக்கும் எல்லை கிடையாது. 2019இல் கோவை அருகே தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்ட சின்னத்தம்பி என்ற யானை சில நாளில் காட்டைவிட்டு வெளியேறி உடுமலைப் பக்கம் வந்து நின்றபோது, அது 'எல்லைப் போர்' என்று எழுதப்பட வேண்டிய செய்தியே இல்லை.

இப்போது எங்கள் மடலின் மையத்துக்கு வருகிறோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஒரு காட்டுப் பட்டாம்பூச்சியை நிக் டேவிஸ் ஆராய்ந்து 1978இல் எழுதினார். மரநிழலில் ஆங்காங்கே விழும் வெயில் திட்டுதான் ஆண் பூச்சியின் எல்லை. வேறொரு ஆண் வந்தால் இரண்டும் சுழன்று மேலே பறக்கும். நாலு விநாடிக்குள் முடிந்துவிடும், வந்தது போய்விடும், இருந்தது ஜெயிக்கும். இருந்ததைப் பிடித்து வலையில் வைத்துவிட்டு, காலியான திட்டில் இன்னொன்று அமர்ந்தபின் பழையதைத் திறந்துவிட்டார். இப்போதும் இருந்ததுதான் ஜெயித்தது, பழைய உரிமையாளர் ஒதுங்கிக்கொண்டது. பிறகு ஒரே திட்டில் இரண்டு பூச்சிகளும் 'நான்தான் இங்கே இருப்பது' என்று நினைக்கும்படி செய்தார். சுழற்சிப் பறத்தல் சராசரி 40 விநாடி நீடித்தது, பத்து மடங்கு. வெயிலில் இருந்த பூச்சியின் உடற்சூடும் வெற்றிக்குக் காரணம் என்று பின்னர் வந்தவர்கள் வாதிட்டார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இருவரும் தன்னை உரிமையாளர் என்று நம்பும் இடத்தில் மோதல் நீளும் என்பது மீனிலும் பறவையிலும் சிலந்தியிலும் காணப்படுவது.

இந்திய-சீன மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டின் (LAC) சிக்கல் அச்சு அசலாக இதுவே. இந்தியக் கணக்கில் 3,488 கி.மீ. நீளமுள்ள எல்லையில், கோடு எங்கே போகிறது என்று இருவரும் ஒத்துக்கொண்ட வரைபடம் முழுமைக்கும் கிடையாது. மத்தியப் பகுதிக்கு மட்டும் 2000இல் வரைபடங்கள் பரிமாறப்பட்டன. மேற்குப் பகுதிக்கு 2002இல் முயன்று நின்றுபோனது. பாங்காங் ஏரியின் வடகரையில் முகடுகள் விரல்கள்போல ஏரியை நோக்கி இறங்குகின்றன. 8ஆம் விரல்வரை நம்முடையது என்பது இந்திய நிலை, 4ஆம் விரல்வரை தன்னுடையது என்று சீனப் படை ரோந்து வந்தது. இடையில் ஏறக்குறைய 8 கி.மீ. ஒரே வெயில் திட்டு, இரண்டு உரிமையாளர்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட முறை இருக்கிறது. விவாதத்தில் அதை யாரும் சொல்வதில்லை. எல்லையில் அமைதி காக்க இரு நாடுகளும் செய்துகொண்ட 1993 உடன்படிக்கை அடித்தளம். 1996 உடன்படிக்கைப்படி கோட்டிலிருந்து 2 கி.மீ.க்குள் சுடக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, துப்பாக்கியால் வேட்டைகூட ஆடக் கூடாது. போர் விமானம் 10 கி.மீ.க்குள் வரக் கூடாது. ஒரு டிவிஷனுக்கு மேல், அதாவது சுமார் 15,000 பேருக்கு மேல் திரட்டும் பயிற்சியைக் கோட்டருகே தவிர்க்க வேண்டும். 2005 நெறிமுறை நேருக்கு நேர் சந்திக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறது: நின்றுவிட வேண்டும், முன்னேறக் கூடாது, பலத்தைக் காட்டி மிரட்டக் கூடாது, தலைமையகத்துக்குத் தெரிவித்துவிட்டு இருவரும் தத்தம் முகாமுக்குத் திரும்ப வேண்டும். களத்தில் இதற்குக் கருவி பேனர். சுருட்டி எடுத்துப்போகும் துணிப் பேனரை விரித்து, 'இது எங்கள் பகுதி, திரும்பிப் போங்கள்' என்ற பொருளில் காட்டுவார்கள். எதிரே உள்ளவர்களும் காட்டுவார்கள். இருபுறமும் படம் பிடிப்பார்கள். சற்று நேரத்தில் இருவரும் விலகுவார்கள். தேவையானால் சூசுல், தவுலத் பெக் ஓல்டி, நாதுலா, பும்லா, கிபித்து ஆகிய ஐந்து சந்திப்பு இடங்களில் ஒன்றில் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். 2013 உடன்படிக்கை இன்னொன்றைச் சேர்த்தது: கோட்டைப் பற்றி ஒத்த கருத்து இல்லாத இடத்தில் எதிர்த்தரப்பு ரோந்தின் பின்னாலேயே தொடர்ந்து போகக் கூடாது.

முறை எங்கே உடைகிறது? வந்துபோவதற்கும் வந்து தங்குவதற்கும் இடையில். வெள்ளைத்தொண்டைச் சிட்டுக்குருவி அண்டைவீட்டுக் குருவியின் பாட்டை வழக்கமான ஓரத்திலிருந்து கேட்டால் அதிகம் அலட்டிக்கொள்ளாது. அதே பாட்டை எதிர் ஓரத்திலிருந்து ஒலிபரப்பினால், முன்பின் தெரியாதவன் வந்ததுபோல் பாயும். இது 1975இல் கனடாவில் ஃபால்ஸ், புரூக்ஸ் இருவரும் காட்டியது. ஆள் அதே ஆள்தான், இருக்கும் இடம் மாறினால் பொருள் மாறுகிறது. 2013 ஏப்ரலில் கிழக்கு லடாக்கின் தெப்சாங்கில் சீனப் படையினர் கூடாரம் அடித்ததும் நிலைமை ஏன் மூன்று வாரம் இறுகியது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. ரோந்து வந்தது பழகிய அண்டைவீட்டார். கூடாரம் அடித்தது குடியேற வந்தவர்.

எல்லா விலங்குக்கும் அண்டைவீட்டார் பழகிப்போவார் என்றும் சொல்ல முடியாது. மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, தூரத்துக் கூட்டத்தைவிடப் பக்கத்துக் கூட்டத்தைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. தினம் தினம் உரசுபவர் அவர்தானே. இரு கூட்டங்களுக்கும் நடுவே எந்த எறும்பும் நடமாடாத ஒடுங்கிய வெற்றுப் பட்டை விழுவதும் உண்டு. ஓரத்துக் கூடுகளில் காவலுக்கு நிற்பவை வயதான வேலைக்காரிகள். மனிதப் படைகள் இருபது வயதுப் பிள்ளைகளை அனுப்புகின்றன.

கிழக்கு லடாக்கின் கல்வானுக்கு வருவோம். 2020 ஜூன் 15 இரவு அங்கே இரு படைகளும் மோதியதில் இந்தியத் தரப்பில் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததாக 2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அன்றிரவு துப்பாக்கி வெடிக்கவில்லை. கல், தடி, ஆணி அடித்த இரும்புக் கம்பி. 1996 விதி எழுத்துப்படி காக்கப்பட்டது. ஆனால் அந்த விதி சுடுவதைத்தான் தடுத்தது, ஆணிக் கம்பியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இருட்டு, குறுகிய பள்ளத்தாக்கு, உறைநிலை ஆற்று நீர், விலகல் பற்றிப் பேச்சு நடந்து பத்து நாள்கூட ஆகாத நேரம். பேனர் வேலை செய்யத் தேவையான பகல் வெளிச்சமும் இடைவெளியும் அங்கே இல்லை.

சிம்பன்சியை எடுத்துக்காட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உகாண்டாவின் கிபாலே காட்டில் வாழும் ங்கோகோ கூட்டம் பத்தாண்டில் அண்டைக் கூட்டத்தினர் 18 பேரைக் கொன்றது கண்ணால் கண்ட அல்லது சான்றுள்ள செய்தி, மேலும் மூன்று ஊகம். அதன்பின் 2009இல் தன் எல்லையை 22 விழுக்காடு பெருக்கிக்கொண்டது. உண்மை. ஆனால் அவை தாக்கியது ஆள்பலம் பெரிதும் தம் பக்கம் இருந்தபோது. அதே கிபாலே காட்டில் மற்றொரு கூட்டத்துக்கு அந்நிய ஆணின் குரலை ஒலிபரப்பியபோது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்கள் சேர்ந்திருந்தால் கத்திக்கொண்டு முன்னேறின, ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் வாயைத் திறக்கவில்லை. சமபலத்தில் மோதச் சொல்லும் உதாரணம் இதில் கிடைக்காது.

ஒப்பீடு முறியும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தேன்சிட்டு தானே கணக்குப் போட்டு, தானே செலவழித்து, தானே தின்கிறது. படையில் முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். 1984 ஏப்ரல் 13இல் இந்தியப் படை ஏறிய சியாச்சினில் குண்டடிபட்டவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள் அதிகம். அங்கே தின்ன எதுவும் இல்லை. உயரத்தை நாம் விட்டால் பாகிஸ்தான் பிடிக்கும் என்ற கணக்கு மட்டுமே. தேன்சிட்டின் கணக்கில் இதற்குக் கட்டம் கிடையாது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விலங்கு ஒன்று உண்டு. மீன் கடையில் தனித்தனி பாட்டிலில் விற்கும் ஃபைட்டர் மீன். இரண்டு ஆண்கள் சந்திப்பதற்கு முன் மூன்றாவது ஆண் ஒன்று பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டிவிட்டால், கடி கூடுகிறது. பார்வையாளர் முன் பின்வாங்கினால் நாளை அந்தப் பார்வையாளரும் சீண்டுவார் அல்லவா? களத்தில் பேனரைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் அதிகாரி முறைப்படி நடக்கிறார். அன்றிரவு உங்கள் திரையில் அது 'பின்வாங்கல்' என்று ஓடினால், அடுத்த முறை அவர் திரும்புவது கடினமாகும்.

ஆகவே கேட்கிறோம். 'ஊடுருவல்' என்று எழுதும் முன் சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அந்த இடம் இரு தரப்பும் உரிமை கோரும் பகுதியா? முன்பு யார் எந்தப் பருவத்தில் அங்கே ரோந்து போனார்கள்? வந்தவர்கள் திரும்பினார்களா, கூடாரம் அடித்தார்களா? பேனர் காட்டப்பட்டதா? எந்த மட்டத்தில் பேச்சு நடக்கிறது, முன்னணி அதிகாரிகளா, படைப்பிரிவுத் தளபதிகளா? கல்வான், பாங்காங், கோக்ரா பகுதிகளில் 2020க்குப் பின் இருவரும் ரோந்து போகாத இடைவெளிகள் விடப்பட்டன. தெப்சாங், தெம்சோக்கில் ரோந்து பற்றி 2024 அக்டோபரில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள், ஒரே வரியில் 'படை விலகல்' என்று எழுதிவிடாதீர்கள்.

வரைபடம் போடும்போது நாட்டின் வெளியெல்லையைச் சர்வே ஆஃப் இந்தியா வரைந்தபடியே போடுங்கள், சட்டமும் அதையே கேட்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டை மட்டும் ஒற்றைச் சிவப்புக் கோடாக இழுக்காமல், கருத்து வேறுபாடுள்ள இடங்களில் அகலமான பட்டையாக நிழலிட்டுக் காட்டுங்கள். ரோந்துப் புள்ளியின் எண் தெரிந்தால் அதையும் போடுங்கள். புலிக் காட்சியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கு நடத்தையியல், பாதுகாப்பியல் ஆசிரியர்கள் சிலர்