படகு ஆடியது, எண் ஆடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரையோரமாக இழுவலை போட்ட விசைப்படகு என்று எங்கள் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்யும் வேலை, இனி எதையும் நம்ப முடியாது என்று முடித்திருந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வீடியோவில் படகு நிஜம், கடல் நிஜம், வலையும் நிஜம். பொய் ஒன்றே ஒன்றுதான், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், தெரிந்த பதிவெண். அதை மாற்ற எந்த நுண்ணறிவும் வேண்டாம், நானே மாற்றுவேன். தங்கச்சிமடத்தில் பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான்.

எங்கள் தொழிலில் இதை டிராக்கிங் என்போம். காட்சியில் பளிச்சென்று தெரியும் ஒரு புள்ளியை, ஓர் ஆணித் தலையோ எழுத்தின் மூலையோ, சின்னக் கட்டம் போட்டுக் காட்டிவிட்டால் போதும். அடுத்தடுத்த ஃபிரேமில், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களில், அது எங்கே நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் தேடிக்கொண்டே போகும். அப்படி நாலு மூலையைப் பிடித்தால், அதே ஆட்டத்தோடு ஆடும்படி வேறொரு படத்தை அந்த இடத்தில் பதித்துவிடலாம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலேயே 2011 கடைசியில் இந்த வசதி வந்துவிட்டது.

நான் முதலில் செய்ததும் படகில்தான். பாம்பனில் ஒரு பெரியவர் பழைய படகு ஒன்றை வாங்கி, அதற்கு மகள் பெயரை வைக்க நினைத்திருந்தார். பெயின்ட் அடிப்பதற்குள் மகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. "தம்பி, வீடியோவிலயாவது எம் புள்ள பேரு இருக்கட்டும்" என்றார். 11 விநாடிக் காட்சி, அதாவது 275 ஃபிரேம். மூன்று நாள் ஆனது. நாங்கள் படம் எடுத்தது இன்னொரு வள்ளத்தில் இருந்து, ஆக இரண்டும் ஆடுகிறது. கடல் தண்ணீரில் ஒரு புள்ளியைப் பிடிக்கவே முடியாது, இந்த ஃபிரேமில் மின்னிய இடம் அடுத்த ஃபிரேமில் இருக்காது. பலகையைத்தான் பிடிக்க வேண்டும். பலகையோ அணியத்தில் வளைந்து போகிறது. தட்டையாக ஒட்டினால் ஸ்டிக்கர் மாதிரி தெரியும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தண்ணீரில் பட்ட வெயில் திரும்பிப் படகின் பக்கவாட்டில் வலை வலையாக நெளியும், பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவைப் புதுப் பெயரின் மேலும் ஓடவிடத்தான் பாதி நேரம் போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் தூக்குப்பாலம் திறந்தபின் ஒரு ஜோடி, பக்கத்தில் நின்ற பழைய பாலத்தை வீடியோவில் எடுத்துவிடச் சொன்னார்கள். அது படகை விட எளிது. காரில் இருந்து எடுத்த காட்சியில் கிட்டத்துத் தூண் வேகமாக ஓடும், தூரத்துத் தூண் மெல்ல நகரும். அந்த வித்தியாசத்தை வைத்தே கேமரா எப்படிப் போனது என்று மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். 1914-இல் திறந்து, 1964 புயலில் உடைந்தும் மறுபடி ரயில் ஓடிய பாலத்தை நான் இரண்டு நாளில் அழித்தேன். காசு வாங்கினேன். மனசுக்கு என்னவோ போல்தான் இருந்தது.

சரி, அந்த வீடியோவுக்கு வருகிறேன். அதில் தெரிந்த எண் என் மச்சான் படகுடையது. விசைப்படகு கரையை ஒட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் கொதித்ததில் தப்பில்லை. விசாரிக்கும் வரை தொழிலுக்குப் போக வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், எங்கள் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். இரண்டு வாரம் நின்றால் ஆறு நாள் தொழில் போச்சு, கூடப் போகிற ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான். வீடியோவில் சொன்ன தேதியில் மச்சான் படகு எஞ்சினைக் கழற்றிப்போட்டுக் கரையில் கிடந்தது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வீடியோவே இருக்கிறதே என்கிறார்கள்.

ஒரு ராத்திரி முழுக்க அந்த 14 விநாடி வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒன்பதாவது விநாடியில் அணியம் அலையில் குத்தித் தண்ணீர் தெறிக்கிறது. தெறிப்பு பலகையை மறைக்கிறது, எண்ணை மட்டும் மறைக்கவில்லை. நுரைக்கு மேலே காய்ந்த எண்கள் நிற்கின்றன. படகு தூக்கிப்போடும்போது பலகை விளிம்பெல்லாம் மங்குகிறது, எண் மட்டும் கத்தி மாதிரி கூர்மை. வெயிலின் நெளிவும் எண்ணுக்கு அடியிலேயே ஓடிவிடுகிறது. செய்தவருக்கு என் அளவு பொறுமை இல்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் லேப்டாப்பை வைத்து விளக்கினேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. கடைசியில் படகுக்கு எண் எழுதும் அண்ணன்தான் முடித்துவைத்தார். பிரஷ் பிடித்து எழுதுகிறவர், அவர் போடும் 7-க்கு இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். "இது நான் போட்ட ஏழு இல்ல" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். படகு எண்ணோ வண்டி எண்ணோ தெரியும் வீடியோ வந்தால், அதை வைத்துச் செய்தி போடும் முன் எடுத்தவரிடம் போனில் உள்ள அசல் ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ நசுங்கிப்போகிறது. நான் சொன்ன தெறிப்பு, மங்கல் எல்லாம் அதில் கரைந்துவிடும், பொய் சொல்கிறவருக்கு அதுவே வசதி. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும். தம்பிகளே, கடலில் அநியாயம் பார்த்து எடுக்கிறீர்கள் என்றால் ஃபார்வர்ட் செய்துவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். போனில் இடம் இல்லையென்றால் கடைக்கு வாருங்கள், காப்பி எடுத்து வைக்கிறேன். காசு வேண்டாம்.

அந்த 14 விநாடியின் ஃபிரேம்களைத் தனித்தனிப் படமாகப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். எங்கள் படகைப் பற்றிப் போட்டவர் யார் என்று மச்சான் இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதால், தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்,
தங்கச்சிமடம்.