முந்திரித் தோப்பின் சருகைக் கொளுத்தாதீர்கள்

பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

தை பிறந்ததும் கொட்டை பொறுக்க வசதியாகத் தோப்பைச் சுத்தம் செய்கிறோம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம். அந்த வழக்கத்தை இந்த ஆண்டோடு விட்டுவிட வேண்டும் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் ஆடி வரை செம்மண் மேடு காய்ந்துதான் கிடக்கிறது. ஆகவே பெய்த நீரைப் பிடித்து வைக்கும் மண்தான் நமக்கு முதல் தேவை. தழையும் சருகும் மக்கிச் சேரும் கரிமச்சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மண் பரிசோதனையில் ‘குறைவு’ என்றே வரும். நம் மானாவாரிச் செம்மண்ணில் பெரும்பாலும் வருவது அதுதான். அப்படிப்பட்ட மண்ணுக்கு மரம் தானாகத் தரும் உரத்தை நாம் எரித்துவிடுகிறோம். சாம்பல்சத்து ஓரளவு மிஞ்சலாம், ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது, மண்புழுவுக்குத் தீனியும் இல்லாமல் போகிறது.

முந்திரி இலை தடித்தது, துவர்ப்பு மிகுந்தது, எளிதில் மக்காது என்பது உண்மையே. அதனால்தான், இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக முழங்கால் ஆழத்தில் குழி வெட்டி, சருகை அதில் தள்ளி, வேலியில் போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்த்த கிளைரிசிடியா என்னும் தழையுர மரத்தை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டி அந்தத் தழையை மேலே பரப்பி, சாணக் கரைசல் தெளிக்கச் சொல்கிறேன். என் தோப்பில் அப்படி நிரப்பிய குழியைச் சித்திரை வெயிலில் கிளறினால் மேலே உலர்ந்த இலை நொறுங்கும். ஒரு சாண் கீழே கறுத்த ஈர மண்ணும், அதில் வெள்ளை நூலாகப் பின்னிய பூஞ்சணமும், பக்கத்து மரத்தின் புது வேர்களும் கையோடு வரும். மரத்தடியும் பொறுக்குவதற்குச் சுத்தமாகவே இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சருகைக் குவிக்கக் கூடாது. தண்டு, வேர்த் துளைப்பான் என்னும் புழு தூரில் துளையிட்டுத் தள்ளும் மரத்தூள் கண்ணில் பட்டால்தான் புழுவை எடுத்து மரத்தைக் காப்பாற்ற முடியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, தலைமுறை கண்ட தோப்புகளைச் சாய்த்த பிறகு, ஒட்டுக்கன்றுகளை நெருக்கி நட்டவர்கள் உண்டு. விளைச்சல் விரைவாக வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முந்திரியை மட்டுமே நம்பினால், பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி பலமாகத் தாக்கும் ஆண்டில் குடும்பத்துக்கு வேறு வருமானம் இராது. இடைவெளியில் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும், வரப்பில் பனையும் வேம்பும், ஆங்காங்கே பலாவும், அறுவடைக்குப் பின் மேய நாலு ஆடும் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று கை கொடுக்கும். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். கொட்டை பொறுக்கும் பெண்களை அவை கடிக்கும் என்பது மெய்தான், என்றாலும் தேயிலைக் கொசுவை வேட்டையாடுபவையும் அவையே.

நடக்காத காரியத்தை நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே, 1968-இல் மழைநீர் அரித்த பள்ளங்களோடு கிடந்த ஆரோவில் மேட்டில், வரப்பு கட்டி நீரை நிறுத்தி மரம் வைத்ததால்தான் இன்று காடு நிற்கிறது.

தோப்பைக் குத்தகைக்கு விடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரையைத் துப்புரவாக்கித் தரும்படி குத்தகைதாரர் கேட்பார். பெரும்பாலும் தீ வைப்பதும் அவருடைய ஆட்களே. ஆகையால் தொகை பேசும்போதே, சருகை வரிசைக் குழியில்தான் சேர்க்க வேண்டும், கொளுத்தக் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டாரத்து முந்திரி விவசாயி